தேய்ந்த முழங்காலுக்கு யார் பொறுப்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களின் நடையைப் பாருங்கள். உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் பாரம் தூக்கித் தூக்கி, நாற்பது வயதிலேயே ஒரு காலை இழுத்து நடப்பவர்கள் எத்தனை பேர்! பொன்னேரி, ஊத்துக்கோட்டை வயல்களில் நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள். திருவள்ளூர் வட்டாரச் செங்கல் சூளைகளில் நாள் முழுவதும் குந்தியபடியே கல் அறுக்கும் ஒடிசாத் தொழிலாளியைக் கேளுங்கள். “முட்டி வலி” என்பார்கள். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள்.

இந்த வலியை முதலாக வைத்து இன்று பெரிய வியாபாரம் நடக்கிறது. ‘ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டால் குருத்தெலும்பு வளரும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். இதில் எது விஞ்ஞானம், எது புரட்டு? விஞ்ஞானம் என்று நிற்பதாவது உழைப்பாளியின் காலுக்கு வந்து சேருகிறதா?

முழங்கால் மூட்டில் எலும்பு முனைகளை மூடி, சில மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான ஓர் உறை இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது அதுவே. அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் வந்து புண்ணை ஆற்றுகிறது. இங்கே ரத்தம் வராது. ஆகவே புண் தானாக ஆறாது. நரம்பு இல்லாததால் ஆரம்பத்தில் வலியும் தெரியாது. உறை கிழிந்து அடியிலுள்ள எலும்பின்மீது பாரம் விழும்போதுதான் தொழிலாளிக்கு விஷயம் புரிகிறது. கெட்டுப்போன குருத்தெலும்பு மீண்டும் சரியாவதில்லை என்று லண்டன் வைத்தியர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதி வைத்தார்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிலைமை மாறவில்லை. பிறகு ஒவ்வொரு வழியாகத் திறந்தது. காயம்பட்ட இடத்து எலும்பில் நுண்ணிய துளைகள் போட்டு, மஜ்ஜையிலிருந்து வரும் ரத்தம் உறைந்து புது உறை வளரச் செய்வது ஒரு வழி. ஆனால் அப்படி வளர்வது பழைய குருத்தெலும்பு அல்ல, தழும்பு போன்ற மட்டமான சரக்கு. பாரம் அதிகம் விழாத இடத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு துண்டுகளை எடுத்துக் காயத்தில் பதிப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழி 1987-ல் ஸ்வீடனின் கோத்தென்பர்க் நகரில் பிறந்தது. நோயாளியின் முழங்காலிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரம் பெருக்கி, இரண்டாவது ஆபரேஷனில் காயத்தில் வைக்கிறார்கள். இதன் முடிவுகள் 1994-ல் வெளியாயின. இவ்வாறு வளர்த்த செல்களுக்கு இந்தியாவில் 2017-ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது.

ஆனால் இது எல்லா முழங்காலுக்கும் பொருந்தாது. வயது குறைந்தவருக்கு, ஓரிடத்தில் மட்டும் பட்ட காயத்துக்கு, மூட்டின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால்தான் பலன். இருபது வருஷம் மூட்டை சுமந்து முழுக்கத் தேய்ந்த காலுக்கு இது உதவாது. அதற்கு வலி குறைக்கும் வைத்தியம், உடற்பயிற்சி, கடைசியில் மூட்டு மாற்று ஆபரேஷன். அதாவது, காலத்தோடு வந்தால்தான் உண்டு, பிந்தினால் இல்லை.

விளம்பர ஊசிகளின் கதை என்ன? சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்து மூட்டில் ஏற்றும் ஊசியை, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் உப்பு நீரைப் போட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியான முடிவு இது. அமெரிக்காவில் செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டபோதும் ஓராண்டின் முடிவில் மேலான பலன் தெரியவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் வைத்தியங்கள் சோதனையாகவே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை சொல்கிறது. பின்னர் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் மூட்டு ஊசிக்கு 2022-ல் தனி அனுமதி கிடைத்தது. ஆகவே ஊசி போட அழைப்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: சர்க்கார் அனுமதி எங்கே? சோதனை என்றால் என்னிடம் பணம் ஏன் வாங்குகிறீர்? பதில் இல்லாவிட்டால் தாலியை அடகு வைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். புது செல் வைத்த காலில் பல வாரம் பாரம் வைக்கக் கூடாது. கடின வேலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அடுப்பு எரிவது எப்படி? இங்கேதான் ஒரு பதிவேட்டின் ஒரு வரி தொழிலாளியின் காலைத் தீர்மானிக்கிறது.

இ.எஸ்.ஐ. விதிப்படி ‘நோய்’ என்றால் கூலியில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான். ‘வேலையில் பட்ட காயம்’ என்று பதிந்திருந்தால், வேலை செய்ய இயலாத காலம் வரை 90 சதவீதம் கிடைக்கும். ரோலிங் மில்லில் வழுக்கி விழுந்து முட்டி திருகிக்கொண்டவனை, “ரெண்டு நாள் லீவு எடு, சரியாப் போகும்” என்று மேஸ்திரி அனுப்பிவிட்டால் போச்சு! விபத்து ‘நோய்’ ஆகிவிடுகிறது. பேரே பதியாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதுவும் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ.யே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும். வீட்டில் கிடக்கும் நாட்களின் கூலியைக் கட்டாது.

விழாமலே, அன்றாட வேலையிலேயே தேய்ந்த கால்களின் கதி என்ன? ஜெர்மனியில் வேலைக்காலம் முழுவதிலும் 13,000 மணி நேரம் மண்டியிட்டும் குந்தியும் உழைத்தவரின் முழங்கால் தேய்மானத்தை 2009-ல் தொழில் நோயாக ஏற்றார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த உரிமை கிடைத்தது. மண்டியிட்டுச் செய்யும் வேலையால் மூட்டின் பிறைக் குருத்து கிழிவதை, சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-ல் தன் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு அட்டவணையிலோ முழங்கால் தேய்மானத்துக்கு இடமில்லை. சூளையில் குந்தும் கால் மட்டும் என்ன இரும்பால் செய்ததா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மத்திய சர்க்காரின் உதவியோடு நடக்கும் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் குருத்தெலும்பு ஆராய்ச்சி நடக்கிறது. அது மக்கள் பணம். அதன் பலன் லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு மட்டும் போய்ச் சேருவது நியாயமா?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. முட்டியில் பட்ட ஒவ்வொரு அடியும் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளி, வெளி மாநிலத் தொழிலாளி அனைவரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். 2022-ல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் அனுமதி பெற்ற குருத்தெலும்பு சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். குணமாகும் வரை கூலி வேண்டும்; விவசாயத் தொழிலாளிக்கும் அது வேண்டும். முழங்கால் தேய்மானம் தொழில் நோய் அட்டவணையில் ஏற வேண்டும்.

தோழர்களே! அடிபட்டவுடன் தைலம் தேடும்முன் பதிவேட்டைத் தேடுங்கள். எழுத மறுத்தால் தனியாகப் போகாதீர்கள்; சங்கத்தோடு போங்கள். போன குருத்தெலும்பு தானாக வராது. உரிமையும் தானாக வராது.