மார்ச் 8-க்குள் கருத்துச் சொல்லவும்

ஆசிரியர் பயிற்சிக்கான விதிகளை மாற்றி எழுதிய ஒரு வரைவை 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்டது. மார்ச் 8-க்குள் யாரும் கருத்துச் சொல்லலாம் என்றது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கிய நாள் மார்ச் 3. பிளஸ் ஒன் தேர்வு மார்ச் 5. பள்ளிக்கூடத்தின் நடப்பு தெரிந்த யாரும் அந்த வாரத்தில் ஓர் ஆசிரியரிடம் எதையும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்டேன். நண்பர் கணக்கு வாத்தியார், பக்கத்து ஊர் மையத்தில் அறைக் கண்காணிப்பாளர். "பிட்டு பிடிக்கிற நேரத்துல பில்லைப் படிக்கச் சொல்றீங்களே சார்" என்றார். அது பில் இல்லை, ஒழுங்குமுறை விதி என்று திருத்தப் பார்த்தேன். "தலையில விழும்போது ரெண்டும் ஒரே வலிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த வரைவு சின்ன விஷயமில்லை. முதுகலையோ நான்காண்டுப் பட்டமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். மீண்டும் வரும். மூன்றாண்டுப் பட்டத்தோடு வருகிறவர்கள் இரண்டாண்டு படிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் நேரே சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் யோகா, உடற்கல்வி, சமஸ்கிருதம், கலை என்று தனிப் பிரிவுகள். நெடுங்காலம் ஓராண்டாக இருந்த பி.எட்., 2014-ல் வந்த விதிகளால்தானே இரண்டாண்டானது? பயிற்சிக் காலம் போதாது என்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் சொன்னதை வைத்துத்தான் நீட்டினார்கள். பத்தே ஆண்டுகளில் ஒரு பகுதியினருக்குச் சுருக்கப் போகிறார்கள் என்றால், இடையில் இரண்டாண்டு படித்து வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பாடம் நடத்தினார்களா இல்லையா? எந்தத் தலைமையாசிரியரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் ஏப்ரலில் கேட்க வேண்டும்.

முன்கூட்டிக் கேட்காததால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், இருக்கிறது. 2010 ஆகஸ்டில் டெல்லியில் வந்த அறிவிக்கை அது. அதற்குமுன் இங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்புக்காகத் தலை நரைக்கக் காத்திருந்தார்கள். அந்த முறை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள்; தேர்ச்சி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நம் ஊர் ஆசிரியர்கள் எல்லாரும் மக்கு என்று அன்று டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேசினார்கள். நூற்றைம்பது கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள் என்பதை யாரும் பேசவில்லை. அக்டோபரில் துணைத் தேர்வு வைத்தபோது நேரம் மூன்று மணியானது.

நேரத்தை இரட்டிப்பாக்கத் தேவைப்பட்ட ஞானம் என்ன? வகுப்பில் ஒரு முறையாவது மாதிரித் தேர்வு வைத்த ஆசிரியரிடம் வினாத்தாளைக் கொடுத்து, "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டிருந்தால் போதும்.

அதோடு நிற்கவில்லை. தேர்ச்சிக்கு 60 சதவீதம் என்று வைத்தார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதச் சலுகை 2014-ல் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் முறை வந்தது. தாராளமாக மார்க் போடாத காலத்தில் படித்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். சான்றிதழ் ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும் என்றார்கள். 2021-ல் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். இடையில் 2018-ல் அரசாணை 149: டெட் தேறினால் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. இந்தக் கடைசி ஆணை டெல்லியில் பிறந்ததல்ல, நம் கோட்டையிலேயே பிறந்தது. ஆசிரியர்களைக் கேட்காமல் விதி எழுதுவதில் மத்திய அரசு, மாநில அரசு என்ற வேறுபாடு கிடையாது. பெரும்பாலும் மாற்றம் வந்தது உண்ணாவிரதப் பந்தலிலிருந்து அல்லது நீதிமன்றத்திலிருந்து.

2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றுக்கும் மேல். ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும், இல்லையேல் வீட்டுக்குப் போகலாம். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்களுக்கு விலக்கு. ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்த ஒரு டீச்சரம்மா, தன்னிடம் படித்த பெண்ணோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுக்க வேண்டிய நிலை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றால் நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தை எழுதும்போதே இந்த டீச்சரம்மா யாருடைய கண்ணுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தகுதியே பார்க்கக் கூடாது என்பவன் இல்லை நான். மருத்துவருக்குப் பதிவு எண் உண்டு, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் உண்டு. நம் பிள்ளைகளை ஆறு மணி நேரம் ஒப்படைக்கிறோமே, அந்த ஆசிரியர்களுக்கு அப்படியொரு பொதுப் பதிவேடு இந்தியாவில் இல்லை. வர வேண்டும் என்றே நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் அந்தப் பதிவேட்டுக்கு வழி பிறந்தது ஒரு வேலைநிறுத்தத்தில்! தகுதிச் சான்று இல்லாதவர்களை வகுப்புக்குள் விடுவதை எதிர்த்து 1961-ல் கிளாஸ்கோ ஆசிரியர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிறகு ஒரு விசாரணைக் குழு, அதன் பரிந்துரையின்பேரில் 1965-ல் ஒரு சட்டம், பதிவேட்டைப் பராமரிக்க ஒரு பேரவை. ஆசிரியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களும் அந்தப் பேரவையில் உட்கார்ந்தார்கள். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அரசுப் பள்ளியில் பாடம் நடத்த முடியாது. கடுமையான விதிதான்; ஆனாலும் தங்கள் விதி என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

நம்மிடம் நடைமுறை இல்லாமலும் இல்லை. சட்டமோ விதியோ கொண்டுவருமுன் குறைந்தது 30 நாள் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. முப்பது நாள் வைப்பதை ஓரளவு செய்கிறார்கள். சுருக்கம் போடுவதுதான் அபூர்வம். புதிய கல்விக் கொள்கையை 2020-ல் அறிவித்தபோது, இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளிலிருந்தும் மாவட்டங்கள், நகரங்களிலிருந்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன என்று பெருமையோடு சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் ஊராட்சிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த ஒன்றும் என்ன சொன்னது, யார் அதைப் படித்தார்கள், எந்த வரி அதனால் மாறியது?

மாறிய ஒரு வரி நமக்குத் தெரியும். 2019-ல் கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவு வெளியானதும் இந்தி பேசாத மாநிலங்களில் இந்தியும் கட்டாயம் என்ற பகுதியைப் பார்த்துத் தமிழ்நாடு கொதித்தது. ஜூன் 3-ஆம் தேதியே அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். அதற்கு மின்னஞ்சல் காரணமில்லை, கூச்சல்தான் காரணம். கூச்சல் கேட்கும் என்று தெரிந்துவிட்டால் யார் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதி அனுப்புவார்கள்? 2025 ஜனவரி 6-ல் யு.ஜி.சி. பேராசிரியர், துணைவேந்தர் நியமன வரைவை வெளியிட்டபோது, மூன்றாம் நாளே நம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சரியான தீர்மானம்தான். ஆனாலும் கல்லூரி ஆசிரியர்கள் அந்த வரைவை வாசித்து முடிப்பதற்குள் விவாதம் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா மாநிலமா என்று முடிந்துவிட்டது. பதவி உயர்வு விதிகள் பற்றி அதில் இருந்த பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

மொழி வேறு. மத்திய அரசின் வரைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்வழிப் பள்ளியில் தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியரின் வேலையைத் தீர்மானிக்கும் விதி தமிழில் வர வேண்டும் என்பதற்கு இன்னொரு வழக்கா போட வேண்டும்?

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை. குறுவள மையக் கூட்டங்களுக்கு ஆசிரியர்கள் எப்படியும் வருகிறார்கள். அடுத்த வரைவு வந்ததும் அதைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச விடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களும் பேசட்டும். வருவதைத் தொகுத்து மாநிலத்தின் பதிலாக அனுப்புங்கள், அனுப்பியதை அப்படியே வெளியிடுங்கள். அரசாணை 149 போல நீங்களே ஒன்று போடுமுன்பும் இதையே செய்யுங்கள். ஆசிரியர் சங்கங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு: பந்தல் போடுமுன் வரைவைப் படியுங்கள்.