புகார் கொடுத்தவர் கைக்கு வர வேண்டிய காகிதம்

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர் இரண்டில் ஒரு காகிதத்தோடு வெளியே வர வேண்டும். ஒன்று மனு ரசீது, மற்றொன்று முதல் தகவல் அறிக்கையின் நகல். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்து மக்கள் அவரவர் ஊரைப் பொறுத்து அரும்பாவூர், வி.களத்தூர், கை.களத்தூர் என ஏதாவது ஒரு காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். வரப்புத் தகராறோ, மாடு திருட்டோ, சாலை விபத்தோ, எதற்காகப் போனாலும் "போங்க, கூப்பிடுறோம்" என்ற வாய்ப்பேச்சோடு திரும்புகிறவரிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. பிறகு ஒருநாள் "அப்படி ஒரு மனுவே வரவில்லை" என்று சொன்னால் அவரால் மறுத்துப் பேச முடியாது.

தமிழகத்தில் சி.எஸ்.ஆர். என்று எல்லாரும் சொல்வது, சமூகப் பணிப் பதிவேட்டில் மனு ஏறியதற்கான ரசீது. மனு வந்தது, விசாரிக்கிறார்கள் என்பதைத் தாண்டி அதற்கு வலு இல்லை. குற்றப்பத்திரிகை முதல் தகவல் அறிக்கையின் மேல்தான் நிற்கும். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம். இத்தனைக்குப் பிறகும் அடிதடியும் பண மோசடியும் மாதக்கணக்கில் சி.எஸ்.ஆர். எண்ணிலேயே கிடந்து, சமாதானம் ஆகிவிட்டதாக எழுதி மூடப்படுவது அநியாயம்.

வழக்குப் பதிவானதும் அதன் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173-வது பிரிவில் அந்த உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்துத் தந்திருக்கிறது. நகல் கைக்கு வந்ததும் சில இடங்களைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், பொது நாட்குறிப்பு எண், புகார் தாமதமானதற்குக் காரணம், அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும் என ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் தனி இடம் உண்டு. காலையில் கொடுத்த புகார் மாலையில் வந்ததாகப் பதிவாகியிருந்தால், வழக்கை உடைக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது ஒன்றே போதும். புகார்தாரர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே, அறிக்கை படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது, நகல் இலவசமாகத் தரப்பட்டது என்ற வாசகம் அச்சிலேயே இருக்கிறது. நகல் கிடைக்காமலே அதன் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால், புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். புதன்கிழமை குறைதீர் முகாமில் நேரிலும் கொடுக்கலாம். சென்னை போன்ற மாநகரங்களில் அந்த இடத்தில் ஆணையர் இருக்கிறார். அங்கும் பலன் இல்லாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பதிவான அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையை எடுக்கலாம். ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையும் அங்கேயே கிடைக்கிறது. ஆனால் அசல் கிரயப் பத்திரம் தொலைந்தவருக்கு அது போதாது. தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் தரும் சான்றுக்காக அவர் தனியாக நடக்க வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர் வட்டாரத்தில் காவல்துறை ஆவணத்துக்கு அதிகம் அலைபவர்கள் விபத்தில் ஆளை இழந்த குடும்பத்தினர். சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் வேப்பந்தட்டை வழியாகப் போகும் ஆத்தூர் சாலையும் இங்கே இருக்கின்றன. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முதல் தகவல் அறிக்கை மட்டும் பற்றாது. பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை என ஒரு கட்டே வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அதாவது குடும்பம் காகிதத்துக்காக நிலையத்து வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. அதே தேதியிலிருந்து இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு ஒன்றும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், கெடுவை நம்பிக் காத்திருக்காமல் முன்கூட்டியே மனு போடுவதுதான் பாதுகாப்பு.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 193-வது பிரிவு. உண்மைப் பிழை என்றோ துப்புத் துலங்கவில்லை என்றோ வழக்கை முடித்தால் அதையும் தெரிவித்தாக வேண்டும். அந்த நோட்டீஸை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாமல், நடுவர் முன் ஆட்சேப மனு போடலாம். குற்றப்பத்திரிகையின் நகல் வழக்கின் தரப்பினருக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும். அது பொது ஆவணம் அல்ல, இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று சௌரவ் தாஸ் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவை எதற்கும் வழி கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1997-லேயே, தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. விலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தால் மக்களுக்குப் பெரிய பயன் விளையவில்லை. 2005-ன் சட்டப்படி, வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு 30 நாள் அவகாசம். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். "என் மனு மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். "இந்தத் தேதியில் நான் கொடுத்த, இந்த எண்ணுள்ள மனுவின் விசாரணை அறிக்கை நகல் வேண்டும்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதே சரி. விசாரணை நடப்பதாகச் சொல்லி மறுப்பது வழக்கம். தகவலைத் தருவது விசாரணைக்கு எப்படித் தடையாகும் என்று காட்டாமல் மறுக்க முடியாது என்று பகத் சிங் வழக்கில் 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம்.

நிலையத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவும் ஓர் ஆவணமே. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தபோது, அந்த நிலையத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கலிஃபோர்னியாவில் காவலர் துப்பாக்கியால் சுட்ட சம்பவங்களின் ஆவணங்களை 2019 முதல் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். இங்கே பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் வரை போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பவர் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கும் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.