மலைக்குப் போங்க, ஆனா கேட்டுட்டுப் போங்க

செமஸ்டர் முடியிற வாரத்துல எல்லா ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு மெசேஜ் வந்துடும்: "மச்சி, இந்த வீக்கெண்ட் எங்கயாச்சும் மலைக்குப் போவோமா?" அடுத்த அஞ்சு நிமிஷத்துல கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன், மேகமலைன்னு பேரு வரிசையா விழும். யாரோ ஒருத்தர் ஒரு ரீல் அனுப்புவார். பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போடுவோம். யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு மட்டும் அந்த குரூப்ல யாரும் கேட்க மாட்டோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பத்தித்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். "மலைக்குப் போகாதீங்க"ன்னு புத்தி சொல்ல நான் வரல. தேனி மாவட்டத்துல இருந்துக்கிட்டு மலை ஏறாம டிகிரி வாங்கிட்டுப் போறது ஒரு நஷ்டம். அதுவும் நம்ம படிப்புக்காரங்களுக்கு இங்க பார்க்க நிறைய இருக்கு. டாப் ஸ்டேஷன்னு ஏன் பேரு வந்துச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? மூணாறு தேயிலையை மலைக்குக் கீழே குரங்கணிப் பக்கம் இறக்க அந்தக் காலத்துல ஒரு ரோப்வே இருந்தது. அதோட மேல் நிலையம்தான் டாப் ஸ்டேஷன். மேல மூணாறுல இருந்து அதுவரைக்கும் ஒரு குட்டி ரயிலும் ஓடிச்சு. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஜே.சி.பி.யும் ரெடிமிக்ஸும் இல்லாத காலத்துல 1895-ல் முடிச்ச முல்லைப்பெரியாறு அணையோட தண்ணிதான் இன்னிக்கும் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்குப் பாயுது. லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபத்துக்குப் போனா, நம்ம ஊர்க்காரங்க ஒரு இன்ஜினியரை எந்த இடத்துல வெச்சிருக்காங்கன்னு புரியும். 2023-ல் இருந்து போடி வரைக்கும் அகல ரயில் பாதையில ரயிலும் வந்தாச்சு. ஆக, போறதுக்குக் காரணமும் இருக்கு, வழியும் இருக்கு.

ஆனா அதே போடி பக்கத்துலதான் குரங்கணியும் இருக்கு.

2018 மார்ச் 11. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து வந்த ரெண்டு குழுக்கள் கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கிட்டு இருந்தாங்க. பெரும்பாலும் இளைஞர்கள், பாதிக்கு மேல பெண்கள். இடுப்பளவு காய்ஞ்ச புல், செங்குத்தான சரிவு, அடிக்கிற காத்து. தீ சூழ்ந்துடுச்சு. அந்த இடத்துலயே இறந்தவங்க, தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில இறந்தவங்கன்னு 20-க்கும் மேற்பட்ட உயிர் போச்சு. முதல்ல ஓடிப்போய் தூக்கிட்டு வந்தது குரங்கணி ஊர்க்காரங்களும் எஸ்டேட் ஆட்களும்தான். விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம் அப்புறம் வந்தது. அவங்க போன பாதைக்கு முறையான அனுமதி இல்லைன்னு வனத்துறை சொன்னது. அப்படின்னா அந்தக் கோடைக்காலத்துல அத்தனை பேரும் மலைக்குள்ள போக முடிஞ்சது எப்படின்னு மக்கள் திருப்பிக் கேட்டாங்க. ரெண்டு கேள்வியும் நியாயமானதுதான்.

காட்டுத்தீயைப் பத்தி நமக்குப் புரியிற மொழியில ஒரு கணக்கு சொல்றேன். தீ சரிவுல மேல்நோக்கிப் போகும்போது, அதோட சூடு மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவெச்சிடும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு கைக்கணக்கு உண்டு. 20 டிகிரி சரிவுன்னா நாலு மடங்கு. அதே சரிவுல மேல ஓடுற நம்ம வேகம்? பாதிகூட இருக்காது. கீழே தீ, மேல நாம் என்றால் அந்தப் பந்தயத்துல ஜெயிக்கவே முடியாது. எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் ஓடை, எந்த இடம் ஏற்கனவே எரிஞ்சு வெறும் தரையா கிடக்குன்னு தெரிஞ்சவர் கூட இருந்தாத்தான் பிழைக்க வாய்ப்பு. அது கூகுள் மேப்ல இருக்காது. முதுவாக்குடியிலயும் குரங்கணியிலயும் பிறந்து வளர்ந்தவங்க மண்டையில இருக்கும்.

குரங்கணிக்கு அப்புறம் மலையேற்றத்துக்கு முதல்ல தடை வந்தது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளையும் அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங், உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். நம்ம மாவட்டத்துல குரங்கணி - சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. காட்டுத்தீ காலம்னு 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினாங்க. குரங்கணி தீ மார்ச்லதான் நடந்ததுன்னு ஞாபகம் இருந்தா, அந்தத் தேதிகளுக்கு விளக்கம் தேவையில்ல.

"அதெல்லாம் காசு புடுங்குற வேலை ப்ரோ"ன்னு சிலர் சொல்றது காதுல விழுது. கட்டணம் ஸ்டூடன்ட்ஸுக்கு அதிகம்தான், நான் மறுக்கல. ஆரம்பத்துல எல்லாரும் சத்தம் போட்டதுக்கு அப்புறம்தான் குறைச்சாங்க. காலேஜ் ஐ.டி. கார்டு காட்டினா பாதிக் கட்டணம்னு கேட்போம். என்.எஸ்.எஸ். மூலமா மனு கொடுப்போம். ஆனா காசு மிச்சம் பண்ண செக்போஸ்ட்டைச் சுத்திக்கிட்டுப் போறது வேற விஷயம். நாம உள்ள இருக்கோம்னே யாருக்கும் தெரியலைன்னா, தேட யாரும் வர மாட்டாங்க.

இன்னொரு பக்கம் வனத்துறையிடமும் ஒரு கேள்வி. எதுவாச்சும் நடந்தா உடனே எல்லாத்தையும் மூடுறது தீர்வா? மத்தியதரைக் கடல்ல கோர்சிகான்னு ஒரு தீவு இருக்கு, முழுக்க மலை. ஜி.ஆர்.20-ன்னு சுமார் 180 கி.மீ. நடைபாதை அங்க இருக்கு. 2015-ல் அதுல ஒரு பள்ளத்துல மண்ணும் பாறையும் சரிஞ்சு 7 பேர் செத்தாங்க. அந்தப் பகுதியை மட்டும் விட்டுட்டு வேற மலை வழியா பாதையைத் திருப்பினாங்க. மொத்தப் பாதையையும் இழுத்துப் பூட்டல. அதே சமயம் அங்க கண்ட இடத்துல கூடாரம் போட முடியாது, தீ மூட்ட முடியாது. முறையான வழி திறந்திருந்தா திருட்டு வழிக்குக் கூட்டம் குறையும். நம்ம மாவட்டத்துல இன்னும் நாலு பாதையாவது திறக்கணும்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு. ஆனா விதியை மதிக்கிறவங்க கேட்டாத்தான் அந்தக் குரலுக்கு மரியாதை.

தீ மட்டும் இல்ல. மேகமலை 2021-ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. சின்னமனூர்ல இருந்து ஏறுற ரோடு நமக்கு ஹேர்பின் வளைவு, யானைக்கு அது வீட்டு வாசல். 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ள வந்தப்போ ஒருத்தர் உயிர் போச்சு. அந்தப் பதட்டத்துலயும் யானை மேல ட்ரோன் பறக்கவிட்டு அதை மிரள வெச்சாங்க. வழக்கு வேற ஆச்சு. ஒரு வீடியோவுக்காக ஒரு ஊரையே ஆபத்துல தள்ளுறது எந்த ஊர் தைரியம்?

அதனால அடுத்த தடவை குரூப்ல பிளான் போடும்போது, பெட்ரோல் கணக்குக்கு முன்னாடி மூணு விஷயத்தைக் கேளுங்க. இந்தப் பாதை இன்னிக்குத் திறந்திருக்கா, யார்கிட்ட அனுமதி? ஊர்க்காரர் ஒருத்தர் கூட வர்றாரா? நாம எங்க போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியுமா? மூணுல ஒண்ணுக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா கும்பக்கரைக்கோ சுருளிக்கோ போங்க. அங்கயும் வெள்ளம், யானைன்னு மூடியிருந்தா திரும்பி வந்து போடியில பரோட்டா சாப்பிடுங்க. மலை அங்கேயேதான் இருக்கும்.

போகும்போது பாலியஸ்டர் ஜெர்சி வேண்டாம், காட்டன் போடுங்க. தீ பட்டா பாலியஸ்டர் உருகி உடம்போட ஒட்டிக்கும். சிகரெட், கேம்ப் ஃபயர் ரெண்டுக்கும் அங்க இடமில்ல. குரூப்ல யாராவது "பர்மிஷன் எல்லாம் எதுக்குடா"ன்னு கேட்டா, குரங்கணின்னு ஒரு வார்த்தை மட்டும் டைப் பண்ணி அனுப்புங்க. மீதியை அவரே தேடிப் படிச்சுக்குவார்.