கடைசித் தேதி எங்கே?

காரைக்கால் பகுதியில் உள்ள சிற்றூர் போலகம். அங்கிருந்து புதுச்சேரி நகரமே 130 கிலோமீட்டருக்கு மேல். 1985-ல் ஏற்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம், அதையும் தாண்டிக் காலாப்பட்டில் இருக்கிறது.

மேற்படிப்பு பற்றி ஒரு விவரம் கேட்க அவ்வளவு தூரம் போய்வர ஏழைப் பெண்ணால் முடியுமா? பஸ் செலவு ஒரு பக்கம். தகப்பனாரின் ஒரு நாள் கூலி மறு பக்கம்! அந்தக் கவலையைத் தீர்க்க வல்லது இணையதளம்.

விஞ்ஞானிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள, ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உண்டாக்கியதே உலகின் முதல் இணையதளம். அது அலங்காரத்துக்காகப் பிறந்தது அல்ல.

பல்கலைக்கழகத் துறைகளின் தளங்களைப் புதுப்பிப்போர் இதை மறக்கக் கூடாது. மாணவர் தேடுவது நான்குதான்: என்ன படிப்பு, எவ்வளவு கட்டணம், எது கடைசித் தேதி, யாரிடம் கேட்பது? இவை முதல் பக்கத்திலேயே, தமிழிலும், சிறிய கைபேசியிலும் தெரிய வேண்டும். அறிவிப்பைப் படமாக ஒட்டாமல் எழுத்தாக இட்டால், பார்வையற்றோருக்குக் கருவி அதை வாசித்துச் சொல்லும்.

புது வண்ணம் மட்டும் போதாது. போன ஆண்டுத் தேதி அப்படியே நின்றால், ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பே வீணாகும். அதைத் திருத்த ஒவ்வொரு துறையும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.