சேமித்த மின்சாரமும் ஒரு சரக்கே



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வானம் பொய்த்தாலும் பொய்க்காத விளைச்சல்கள் இரண்டு. ஒன்று சீமைக்கருவேல், மற்றொன்று வெயில். கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியேற்றிப் பிழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வெயிலை அறுவடை செய்ய 2016இல் பெருநிறுவனம் ஒன்று அண்டைக் கமுதி வட்டத்தில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. ஓரிடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அந்நாளில் அது பேசப்பட்டது. அதற்கான முதலீடோ பல ஆயிரம் கோடி. அந்தக் களத்தில் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பங்கு இருக்கிறது?

இதே கேள்வியை என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரும் கேட்டார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பு முடித்தவர். வளைகுடா விசாவுக்காக அவருடைய தாயார் நகையை விற்று வைத்திருந்தார். "ஊரிலேயே தொழில் பார்க்கலாமே தம்பி" என்றேன். "கல்யாண வீட்டுக்குச் சீரியல் பல்பு கட்டுவதைத் தவிர இங்கே என்ன தொழில் இருக்கிறது ஹஜ்ரத்?" என்றார். என்னிடம் விடை இல்லை.

அந்தக் கோடையில் எங்கள் மதரஸாவின் மின்கட்டணம் நிர்வாகத்தைத் திணறடித்தது. பகலில் மின்விசிறிகளை நிறுத்திவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் பிள்ளைகள் எப்படி ஓதுவார்கள்? அந்த மாணவரை அழைத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன்.

அவர் போட்ட கணக்கு இது. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். எங்களிடம் இருப்பவை 20 விசிறிகள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடுகின்றன. மாற்றினால் ஒரு நாளைக்கு 9 யூனிட், இரண்டு மாதத்திற்கு 540 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 19,440 ரூபாய். விசிறி ஒன்று மூவாயிரம் என்றால் மொத்தச் செலவு 60,000.

நிர்வாகத்திடம் அவ்வளவு பணம் இல்லை. வட்டிக்கு வாங்கவும் மனம் ஒப்பவில்லை. அப்போது அவரே ஒரு வழி சொன்னார். விசாவுக்கென வைத்திருந்த பணத்தில் விசிறிகளை அவர் வாங்கி மாட்டுவார். மிச்சமாகும் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு ஐந்தாண்டுகளுக்கு அவருக்கு. ஒரு பங்கு மதரஸாவுக்கு. அதன்பின் முழுச் சேமிப்பும் மதரஸாவுக்கே. கணக்குச் சரியாக நடந்தால் அவருக்கு 77,760 ரூபாய் திரும்பும். சேமிப்பு வராவிட்டால் நட்டம் அவருடையது. ஆதாயத்திலும் ஆபத்திலும் பங்கு கொள்ளும் இத்தகைய ஒப்பந்தம் நமக்கு அந்நியமானதா?

உலகிற்கும் இது புதிதன்று. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல்., 2015 முதல் நாட்டின் பல நகரங்களில் தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியது. முதலைத் தானே போட்டு, குறைந்த கட்டணத்திலிருந்து அதைத் திரும்பப் பெறும் முறையையே அது கையாண்டது.

இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது, யாரிடம் போகக்கூடாது என்பதே. தமிழகத்தில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். விசைத்தறிக்கு 2023 முதல் இரு மாதத்திற்கு 1,000 யூனிட் இலவசம். கட்டணமே இல்லாதவரிடம் சேமிப்பை எப்படி விற்பது? கட்டணம் கட்டித் தவிக்கும் மண்டபம், அரிசி ஆலை, ஐஸ் கம்பெனி, ஜவுளிக்கடை ஆகியவற்றின் வாசலை நாட வேண்டும்.

வீடுகளிலும் இடமுண்டு. 2022 செப்டம்பர் கட்டணப்படி இரு மாதத்தில் 500 யூனிட் செலவிட்டவர் 1,725 ரூபாய் கட்டினார். 501 யூனிட் ஆனவரோ 1,958 ரூபாய் கட்ட நேர்ந்தது. 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியின் சலுகை போய்விடுவதால் அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய்! பின்னர் கட்டணங்கள் உயர்ந்தாலும் படிகள் உண்டு. எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இரண்டு விசிறிகளை மாற்றிக் கொடுத்தாலே பெரும் உதவி.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். மாற்றுமுன் தனி மீட்டர் வைத்து அளந்து, எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். வாய்க்கணக்கு உறவைக் கெடுக்கும். மலிவுச் சரக்கை மாட்டாதீர்கள். இவ்வகை விசிறியில் மின்னணுத் தகடு பழுதானால் விசிறியே நின்றுவிடும். 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். அதையும் உத்தரவாதச் சீட்டையும் பார்த்தே வாங்குங்கள்.

மழை மாதங்களில் எங்கள் சேமிப்பு கணக்கிட்டதைவிடக் குறைந்தது. நான்காண்டில் முதல் திரும்பும் என்றது நான்கரை ஆகலாம். அந்த மாணவர் இப்போது மூன்று இடங்களில் இவ்வேலை செய்கிறார். வளைகுடாவில் சொன்ன சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. "இன்னும் ஓராண்டு பார்க்கிறேன் ஹஜ்ரத்" என்கிறார். தாயாரோ மகன் இரவு வீட்டுக்கு வந்து உண்பதே பெரிது என்கிறார்.

வீண்விரயம் கூடாதென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், நம் பள்ளிவாசலின், மதரஸாவின் மின்கட்டண அட்டையை என்றேனும் புரட்டிப் பார்த்ததுண்டா? இம்மாதம் எடுத்துப் பாருங்கள். உங்கள் மஹல்லாவில் வேலையின்றி நிற்கும் எலக்ட்ரீசியன் பிள்ளை ஒருவரையும் உடன் அழையுங்கள்.