தறி இருந்தால் முதலாளியா?

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் நம் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடுகிறது. "மாசமானா சம்பளம் வந்தா போதும்டா" என்பது ஒரு கட்சி. "ஒருத்தன்கிட்ட கைகட்டி நிக்கிறதா? சொந்தத் தொழில்தான்" என்பது மறு கட்சி. இரண்டுமே அவசரப்படுகின்றன என்பது என் கருத்து.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. பெயருக்கு அப்பா தறி முதலாளி. ஆனால் பாவும் ஊடை நூலும் தருவது வியாபாரி. மீட்டருக்கு இவ்வளவு கூலி என்று சொல்வதும் அவர்தான். பாவு வராத வாரம் தறி நிற்கும், வட்டி நிற்காது. "நீயாவது வேலைக்குப் போயிரு சாமி" என்று அப்பா சொல்வதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்ல முடியுமா? அது பட்ட அனுபவம்.

மேடையில் பேசுகிறவர்கள் கடலூர் சி.கே. ரங்கநாதனைச் சொல்வார்கள். 1983-ல் வெறும் 15,000 ரூபாயில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊரெல்லாம் விற்றவர். உண்மைதான். ஆனால் அதற்கு முன் குடும்பத்தாரின் ஷாம்பு கம்பெனியில் அவர் வேலை பழகியவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாமக்கல்லிலேயே கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு லாரி ஓனரானவர்கள் இல்லையா? டயர் எவ்வளவு ஓடும், எந்த ஊரில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும், யாரை நம்பி வாடகையைக் கடன் விடலாம் என்பதெல்லாம் கடன் வாங்கும் முன்பே அவர்களுக்கு அத்துபடி.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காக 2012-ல் தமிழக அரசு 'நீட்ஸ்' திட்டம் கொண்டுவந்தது. டிப்ளமோ முடித்தவரும் மாவட்டத் தொழில் மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். ஆனால் வயது 21 ஆகியிருக்க வேண்டும். எனக்கு இப்போது 18.

அந்த மூன்று வருடத்தை நான் வேலையில் கழிக்கப் போகிறேன். மெஷினோடு நிற்காமல், சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலை, பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது என்றும் பார்ப்பேன். சம்பளத்துக்கு இருக்கும்போது தப்பு செய்தால் ஒரு திட்டோடு போய்விடும். கடன் வாங்கித் தப்பு செய்தால் அப்பாவின் தறி போய்விடும்!

வேலைக்குப் போவோம், தொழிலைக் கற்க. தொழில் தொடங்குவோம், கற்ற பிறகு. தறியோடு விலையும் ஒருநாள் நம் கைக்கு வரட்டும்!