நன்றி சொன்ன பேரன்

யூலை பிறந்தால் கோப்பாய் ஒழுங்கைகளில் புதுப்புதுப் பாஷைகள் கேட்கும். இந்த முறை பக்கத்து வீட்டில் டேனிஷ். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு எழும்பிய பேரன், “சாப்பாட்டுக்கு நன்றி அம்மம்மா” என்றான். கிழவிக்கு முகம் விழுந்துபோச்சு. “நன்றி சொல்ல நான் என்ன பிறத்தியாளோ?”

பெடியனில் பிழையில்லை. டென்மார்க்கில் மேசையை விட்டு எழும்பும்போது சமைத்தவருக்கு அப்படிச் சொல்லாமல் போவதுதான் மரியாதைக்கேடு. ஆனால் ஆங்கிலத்தின் ‘பிளீஸ்’ போல ஒரு தனிச்சொல் டேனிஷில் இல்லை. நாங்கள் மட்டும் வீட்டில் “தயவுசெய்து தண்ணி தாங்கோ” என்கிறோமா? அந்தக் ‘கோ’வுக்குள் எல்லாம் அடக்கம்.

1983க்குப் பிறகு போன எங்கள் ஆட்கள் யூட்லாந்தின் ஹெர்னிங் போன்ற ஊர்களில் குடியேறி, பிராண்டேயில் அபிராமி அம்மனுக்குக் கோயிலும் கட்டினார்கள். முதலில் அவர்களை மிரட்டியது புளிப்பேறிய கறுப்பு ரை பாண். அதைப் பகிடி பண்ணும் எங்களுக்கு ஒடியல் பிட்டின் கசப்பு எப்படி இனித்ததாம்? குளிருக்குள் வேலைக்கும் போய், முப்பது வயதில் டேனிஷும் படித்தவர்களைத்தான் நான் மெச்சுவேன். அங்கே ஐம்பதுக்கான சொல்லின் வேர் ‘இரண்டரை இருபது’, தொண்ணூறுக்கு ‘நாலரை இருபது’!

இதைச் சொல்லிச் சிரித்தபோது பேரன் திருப்பிக் கேட்டான்: எண்பதில் பத்து இருக்கிறது, சரி, தொண்ணூறுக்குள் நூறு ஏன் வந்தது? அம்மம்மா என்னைப் பார்த்தா. நான் கிடுகு வேலியைப் பார்த்தேன்.